காரா, வேனா: கொட்டாரத்தில் ஒரு கல்யாண வாரம்

ஈரோட்டிலிருந்து நான் கொண்டுபோன பையில் இரண்டு சட்டை, இரண்டு வேட்டி, டைரி, தையற்காரர்கள் கழுத்தில் போட்டிருக்கும் இஞ்சு டேப், ஒரு தலையணை இருந்தன. தலையணையைப் பார்த்ததும் மைத்துனன் தங்கராஜின் முகம் வாடிவிட்டது.

"ஏன் அத்தான், எங்க வீட்டுல தலையணைக்குப் பஞ்சம்னு நெனச்சிட்டீங்களா?"

அது தலைக்கு அல்ல, காலுக்கு. அதுவும் என் காலுக்கு அல்ல என்று விளக்க வேண்டியிருந்தது.

தங்கராஜின் அக்கா ஹெலன் என் மனைவி. இரண்டு வருடம் முன்பு ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் அவளுக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். முழங்கால் பாதிதான் மடங்கும். வீட்டுக்குள் நன்றாகவே நடக்கிறாள். வண்டிதான் அவளுக்குப் பகை. காலைத் தொங்கவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்தால் வலி இடுப்புவரை ஏறிவிடும். ஒருமுறை சேலத்தில் ஒரு புதுவீட்டு விசேஷத்துக்குக் கிளம்பி, பாதி வழியில் அவள் அழ, திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு வந்த அழைப்பிதழ்களை அவள் பிரித்துப் பார்ப்பதில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்க மட்டும் போய்ட்டு வந்துருங்க" என்பாள்.

இப்போது தங்கராஜின் மகள் ஜெனிக்குக் கல்யாணம். அந்தப் பத்திரிகையை மட்டும் பிரித்தாள். ரயிலில் படுத்துக்கொண்டே வந்துவிடலாம், மகன் கூட்டிவருவான். ஆனால் நாகர்கோவில் ரயிலடியிலிருந்து தங்கராஜின் ஊரான கொட்டாரம், வீட்டிலிருந்து கோயில் என்று இங்கே சொல்கிற சர்ச், கோயிலிலிருந்து மண்டபம், இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டு மறுவீட்டு விருந்துக்குக் குலசேகரம் பக்கம் என்று எல்லாம் சாலைதான். இதிலும் பாதி வழியில் திரும்பும்படி ஆனால் அவள் இனி எந்த வண்டியிலும் ஏற மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுகிறவன் நான். எதையும் முன்கூட்டியே அளந்து பார்த்தால்தான் மனம் அடங்கும். எனவே மூன்று நாள் முன்னதாக, தனியாகக் கிளம்பினேன். அது 2012 கோடை.

ஈரோட்டில் ஊர் முடிந்தால் காடு, காடு முடிந்தால் அடுத்த ஊர். இங்கே ஊர் முடிவதே இல்லை. வீடு, தென்னை, சர்ச், வயல், கடை, மறுபடி வீடு. சாலையும் நேராகப் போக வெட்கப்பட்டதுபோல வளைந்துகொண்டே இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு வளைவுக்குப் பெயர் வைப்போம். இங்கே வைக்க ஆரம்பித்தால் பெயர் தீர்ந்துவிடும். இது எனக்குக் கவலையைக் கொடுத்தது.

முதல் நாள் காலை ஆப்பமும் முட்டைக்கறியும் சாப்பிட்டபின் ஸ்டீபன் என்பவர் தன் காரோடு வந்தார். வெள்ளைக் கார், பின்னால் நீளமான டிக்கி. செடான் வகை. வெள்ளைத் துணியில் தைத்த சீட் உறை.

"டிக்கி வச்ச வண்டியாக்கும் சார். இந்த ஊர்ல முக்கால்வாசி மாப்பிள்ளைமாரு இதுலதான் போயிருக்காவ" என்றார்.

"மாப்பிள்ளைகளுக்கு முழங்கால் மடங்கும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

முதலில் முன்சீட்டு. பின்னால் தள்ளினால் கால் நீட்ட நல்ல இடம். சாய்த்தால் பாதி படுக்கையாகவே ஆகிறது. இருக்கை உடலை அணைத்துப் பிடிக்கிறது. ஆனால் குதிகால் தரையில்தான் இருக்கும். ஹெலனின் கால் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். எனவே பின்சீட்டு. கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, இடுப்பை முதலில் உள்ளே விட்டு, பிறகு காலை இழுத்துக்கொள்ள வேண்டும். இருக்கை தாழ்வு, ஏறுவது சுலபம், எழுவது கடினம். கதவில் முதுகைச் சாய்த்துச் சீட்டின் நீளவாக்கில் கால் நீட்டிப் பார்த்தேன். என் கால் எதிர்க் கதவைத் தொட்டது. ஹெலன் என்னைவிட ஆறு இஞ்சு குட்டை. அளவு சரியாக வந்தது. கதவின் கைப்பிடி முதுகெலும்பில் குத்தாமல் இருக்கத் தலையணையை முதுகுக்கு மாற்றினேன்.

அந்த நிலையில் கன்னியாகுமரி வரை போய் வந்தோம். கடற்கரைக்குப் போயும் நான் கடலைப் பார்க்கவில்லை. முதுகு கடலுக்குத் திரும்பியிருந்தது. ஸ்டீபன் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். டைரியில் எழுதினேன்: மெத்தை நன்று. ஆட்டம் குறைவு. கூரை தலையை இடிக்கிறது. பிரேக் போட்டால் நீட்டிய கால் சீட்டைவிட்டு முன்னால் நழுவுகிறது.

மறுநாள் வேன். ஓட்டுநர் மணி, முப்பது வயதிருக்கும், வாய் ஓயாதவர். ஏழெட்டுப் பேர் போகிற மினிவேன். நடுவில் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை.

"இதுல ஏறுனா வீட்டுக்குள்ள இருக்கப்பட்ட மாதிரியாக்கும் சார். எந்திரிச்சு நிக்க மட்டும்தான் முடியாது."

அவர் சொன்னது பொய் இல்லை. தரை சமதளம், காரில் இருப்பதுபோல நடுவே மேடு கிடையாது. இருக்கை உயரம். ஒரு முக்காலி போட்டு ஏறிவிட்டால், நாற்காலியில் அமர்வதுபோல அமர்ந்து அப்படியே திரும்பிக்கொள்ளலாம். குனிய வேண்டாம். நடுவரிசையில் மூன்று பேர் இடம். ஹெலன் ஒருத்திக்கு என்றால் தாராளம். குறை என்னவென்றால் மெத்தை மெலிது, முதுகு நேர்க்குத்து, வளைவில் ஆள் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறார்.

மோசமான சாலையில் பார்த்துவிட வேண்டும் என்று மணியிடம் கேட்டேன். "கீரிப்பாறைக்குப் போவோம். அரசு ரப்பர் தோட்டம். அங்க ரோடு உங்க குடலை எடுத்துக் கையில தரும்" என்றார். பூதப்பாண்டி தாண்டி மலையேறினோம். இருபுறமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சிரட்டை. நான் நடுவரிசையில் வலதுகாலை நீட்டி, தலையணைமேல் வைத்து, ஹெலனாகவே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி இறங்கும்போது ஒரு வளைவில் ஆறேழு பெண்கள் கையசைத்தார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து வீடு திரும்புகிறவர்கள். தோட்டத்துப் பஸ் வழியில் நின்றுவிட்டதாம்.

"லேய் மணி, நிறுத்துலேய்!"

"அக்கா, சார் இருக்காவ. வண்டி வாடகைக்கு."

"சார் ஒரு ஆளுதானே. ஒரு ஆளுக்கு இம்புட்டு வண்டியா?"

மணி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, கதவு திறந்துவிட்டது. ரப்பர்ப் பால் வாடையும் வாளிகளும் பெண்களும் உள்ளே வந்தார்கள். என் தலையணை யாரோ ஒருவர் மடிக்குப் போயிற்று. என் கால் தானாக மடங்கியது.

பக்கத்தில் அமர்ந்த பெண் கேட்டார். "காலுக்கு என்ன சாரே? நீட்டி வச்சிருந்தீங்களே."

"எனக்கு ஒன்றுமில்லைங்க. என் மனைவிக்குத்தான் கால் வலி."

"அவிய எங்க?"

"ஈரோட்டில்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏட்டி, பொண்டாட்டி ஈரோட்டுல, வலி இஞ்ச!" வேன் முழுக்கச் சிரிப்பு. மணி சிரித்த சிரிப்பில் ஒரு குழியைப் பார்க்கத் தவறினார். "இப்பிடி ஒரு ஆளு எங்களுக்கு வாய்க்கல்லியே" என்று இன்னொரு பெண் சொல்ல, மறுபடி சிரிப்பு. இறங்கும்போது ஒருத்தி முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு மட்டிப்பழம் எடுத்துக் கொடுத்தார். விரல் நீளமே இருக்கும்; அவ்வளவு மணம். எங்கள் ஊரில் வாழைப்பழத்துக்கு உருவம்தான் பெரிது.

அன்று டைரியில் இப்படி எழுதினேன்: வேனில் இடம் அதிகம். ஆகவே அதில் இடம் கிடைக்காது. காரில் இடம் குறைவு. ஆகவே இருக்கிற இடம் நிலைக்கும். இந்த ஊரில் காலியாக ஒரு சீட்டை வைத்துக்கொண்டு, ரோட்டில் நிற்கிற ஆளைக் கடந்துபோக யாராலும் முடியாது. அப்படிப் போனால் அது பத்து வருடம் பேசப்படும். தங்கராஜும் இதை ஒத்துக்கொண்டான். "ஆமா அத்தான். எங்க சித்தப்பா ஒரு கல்யாணத்துக்கு வேன்ல ரெண்டு சீட்டைக் காலியா விட்டுட்டுப் போனாரு. இன்னைக்கும் அவருக்கு அதுதான் பேரு. ரெண்டு சீட்டு."

காரை முடிவு செய்தேன். ஹெலன் இருக்கிற காரில் அவளும் நானும் ஸ்டீபனும் மட்டும் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை ஹெலன் மகனோடு வந்து இறங்கினாள். ரயிலடியில் தங்கை மேபல் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ஏட்டி, மெலிஞ்சுட்டியே" என்றாள் ஹெலன். ஈரோட்டில் இருபத்தைந்து வருடமாக 'ஏனுங்க', 'வாங்க போங்க' என்று பேசிக்கொண்டிருப்பவள். இரண்டு வருடமாக அதையும் குறைத்துவிட்டாள். இங்கே பிளாட்பாரத்தில் கால் வைத்த உடனே ராகம் மாறிவிட்டது.

கார் என் அளவுகளுக்குத் துரோகம் செய்யவில்லை. அவள் உள்ளே நுழைந்தாள், கால் நீட்டினாள், தலையணை முதுகுக்குப் பொருந்தியது. கொட்டாரம் வரை வலி இல்லை. மறுநாள் கோயிலுக்கும் அப்படியே. ஆனால் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு நாகர்கோவில் நெரிசலுக்குள் போகும்போது, ஸ்டீபன் பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் அவள் கால் சீட்டிலிருந்து நழுவியது. ஒரு கையால் மேல் கைப்பிடியையும் மறுகையால் முழங்காலையும் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடிக்கிறாள் என்று முன்சீட்டிலிருந்தே தெரிந்தது.

சிக்னலில் மணியின் வேன் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். மேபல் ஜன்னலில் தலைநீட்டி, "அக்கா, ராணி மாதிரி போற!" என்று கத்தினாள்.

ஹெலன் சிரித்துக் கையசைத்தாள். வேன் முன்னால் போனதும், "ராணி மாதிரியா? ஆம்புலன்ஸ்ல கொண்டுபோற மாதிரி இருக்கு" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஸ்டீபன் வேகத்தைக் குறைத்தார்.

கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் விட்டால் பாவம். பருப்பு, அவியல், எரிசேரி, புளிசேரி என்று தேங்காய் ஏழெட்டு உருவத்தில் வந்தது. கடைசியில் பாயசத்தை இலையிலேயே ஊற்றினார்கள். நான் தடுமாறுவதைப் பார்த்து எதிரில் இருந்தவர், "அப்பளத்தை நொறுக்குங்க, பழத்தைப் பிசைங்க, கையாலேயே அள்ளுங்க. யாரும் பாக்கமாட்டாவ" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். மூன்று தடவை வாங்கினேன்.

மறுவீட்டு விருந்தன்று காலை நான் குளித்துவிட்டு வரும்போது வாசலில் கார் இல்லை.

"கல்யாணம் நடத்திவச்ச போதகருக்குக் காரைக் கொடுத்தாச்சு" என்றாள் ஹெலன். பட்டுச்சேலை கட்டித் தயாராக நின்றாள்.

"யார் கொடுத்தது?"

"நான்தான். பெரிய மனுஷர், வேன்ல இடிபட்டா வருவாரு? நான் வேன்ல வாறேன்."

"ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். வழியெல்லாம் வளைவு. நான் பார்த்துட்டு வந்திருக்கேன். நடுவில் கால் வலி வந்தா?"

"வந்தா நிறுத்தச் சொல்லுவேன். சேலத்துல மாதிரி திரும்பச் சொல்ல மாட்டேன்."

அவள் அந்தப் பயணத்தைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான். நான் முக்காலியை எடுத்துவந்தேன்.

வேனில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று நான் எண்ணவில்லை, எண்ணினால் தடுத்திருப்பேன். முறுக்கு டின், முந்திரிக்கொத்து டின், ஒரு தார் ஏத்தன்பழம், பிறகு ஆட்கள். எனக்குப் பின்வரிசையில் மூலை கிடைத்தது. மடியில் ஒரு டின், காலடியில் வாழைத்தார். ஹெலன் நடுவரிசையில் ஜன்னலோரம். பக்கத்தில் மேபல். அவளுக்கு அப்பால் இரண்டு அத்தைமார், இருவரும் நல்ல உடம்புக்காரர்கள். மேபல் எதையும் கேட்காமல் அக்காவின் வலதுகாலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாதம் பக்கத்து அத்தையின் மடிவரை போனது.

"சாரி, பாதம் படுது" என்றாள் ஹெலன்.

"கெடக்கட்டு மக்கா. இது இஸ்திரி போட்ட சேலை ஒண்ணும் இல்ல" என்றார் அத்தை.

வேன் கிளம்பியது. சுசீந்திரம், நாகர்கோவில், தக்கலை. நான் வெளியே பார்க்கவில்லை. அவளுடைய பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி வரும்போது அவள் தலையை இடதுபக்கம் சாய்ப்பாள். கீரிப்பாறைச் சாலையில் ஊஞ்சலாய் ஆடிய அதே வேன் இப்போது ஆடவில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். ஆடுவதற்கு உள்ளே யாருக்கும் இடமில்லை. வளைவு வந்தால் எல்லாரும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தார்கள், சேர்ந்தே நிமிர்ந்தார்கள். பிரேக் போட்டால் அவள் கால் எங்கும் நழுவவில்லை. நான்கு கைகள் அதன்மேல் இருந்தன. கைவைத்தவர்கள் அதை மறந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் மூக்கு நீளமா, சப்பையா என்று பெரிய வாக்குவாதம்.

"அவன் மூக்கு அவங்க அப்பா மூக்கு."

"அப்பா மூக்கைப் பாத்தா நாம பொண்ணு குடுத்தோம்?"

"ரெண்டு கெட்டிடத்துக்கு நடுவுல சந்து மாதிரில்லா இருக்கு!"

ஹெலன் சிரித்ததில் கால் குலுங்கியது. நான் டின்னை இறுக்கிப் பிடித்தேன். தலை சாயவில்லை.

தக்கலை தாண்டியதும், "மணி, வண்டியை நிறுத்து!" என்று குரல் வந்தது. வாழைத்தாரைத் தாண்ட முயன்று மாட்டிக்கொண்டேன்.

"என்னாச்சு? எங்கே வலிக்குது?"

"எனக்கு அத்தான்!" என்றாள் மேபல். "அக்கா காலைச் சுமந்து என் கால் மரத்துப் போச்சு."

"ரெண்டு வருசமா நான் சுமக்கேன்டி அதை. உனக்கு ஒரு மணிநேரம் முடியலியா?" என்றாள் ஹெலன்.

எல்லாரும் இறங்கினார்கள். ஒரு கடையில் டீயும் பழம்பொரியும். ஹெலன் முக்காலியில் கால் வைத்துத் தானே இறங்கி, தானே ஏறினாள். இந்தமுறை மேபலின் இடத்துக்கு இரண்டாவது அத்தை வந்தார். "குடு மக்கா, இனி என் முறை" என்று காலை வாங்கிக்கொண்டார், தூளியில் கிடக்கிற பிள்ளையைக் கை மாற்றுவதுபோல. குலசேகரம் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கால் மூன்று மடி மாறியது.

போதகர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். ஸ்டீபன் என்னிடம், "சார், காருல போதகர் ஒரே தூக்கம். பேச்சுத் துணைக்கு ஆளில்லாம எனக்கும் தூக்கம் வந்துட்டு" என்றார். விருந்தில் மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் குழம்பும் தனியாக ஒரு மேசையில் இருந்தன. மாப்பிள்ளையின் மூக்கை நானும் பார்த்தேன். சாதாரண மூக்குதான்.

திரும்பிய பிறகு வலி வந்தது, அதை மறைக்கக்கூடாது. மாத்திரை போட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். இடுப்புக்கு ஏறவில்லை, தொடையோடு நின்றது. டைரியில் வேன் என்று எழுதி, மெத்தை, உயரம், முதுகு என்று வரிசையாகப் போட்டுவந்தேன். ஆட்கள் என்பதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியவில்லை. தலைப்பில்லாமல் எழுதிவைத்தேன்.

மறுநாள் நான் எழுந்தபோது வீட்டில் பெண்கள் யாரும் இல்லை. வாசலில் மணியின் வேன் நிறைந்து நின்றது. நடுவரிசையில் ஹெலன், கால் ஏற்கெனவே மேபல் மடியில்.

"எங்கே?"

"சிதறால். மலைமேல சமணர் கோயில் இருக்குல்லா. ஸ்கூல்ல படிக்கும்போது போனது."

"மலை ஏறப்போறியா?"

"ஏற முடிஞ்சவரை ஏறுவேன். முடியாட்டா அடியில உக்காந்து பழம் திம்பேன். அது எனக்கும் மலைக்கும் உள்ளது."

"சரி, இரு. சட்டை மாத்திட்டு வந்துடறேன்."

வேனுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேபல்தான் வாயைத் திறந்தாள். "இடமில்லியே அத்தான்."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். நான் உட்காருவதற்கு எங்கும் இடம் இல்லை.

"இஞ்ச பாருங்க," ஹெலன் ஜன்னல் வழியாகச் சொன்னாள், "நாளைக்கு உள்ள டிக்கெட்டை மாத்திப் போட்டுருங்க. ஒரு நாலு நாள் கழிச்சுப் போவோம். கீரிப்பாறையும் பாக்கணும், நீங்க மட்டும் பாத்துட்டு வந்தா எப்படி?"

போகலாமா என்று அவள் கேட்கவில்லை. மணி என்ஜினைக் கிளப்பினார். உள்ளே யாருக்கும் கையை எடுக்க வழியில்லாததால், பக்கக் கதவை வெளியே நின்று நான்தான் தள்ளிச் சாத்தினேன். ஒரு சேலைத் தலைப்பு மாட்டிக்கொண்டது. திறந்து, உள்ளே தள்ளி, மறுபடி சாத்தினேன்.